யாரும் இல்லாத வாசலில் அடிக்கும் மணி: நாள்பட்ட நரம்பு வலியைப் புரிந்துகொள்ள

மேற்கு மாம்பலத்தில் என் பெரியம்மா வீட்டுத் தரை பழைய மொசைக். மே மாத இரவிலும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் அங்கே தங்கியிருந்தபோது, நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பெரியம்மா கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் மொசைக்கில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். "அடுப்பில் வைத்தது போல எரிகிறதடா" என்றார். தொட்டுப் பார்த்தேன். பாதம் சில்லென்று இருந்தது. சூடில்லை, சிவப்பில்லை, வீக்கமும் இல்லை.

மறுநாள் ஆளுக்கொரு காரணம் வந்தது. ரத்த ஓட்டம் போதவில்லை என்றார் ஒருவர். உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். வாயு, வயது, நரம்புத் தளர்ச்சி என்று பட்டியல் நீண்டது. கீழ் வீட்டு மாமி விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வயிற்றை எரித்ததே தவிர, பாதத்தின் எரிச்சலைத் தொடவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர், பெரியம்மாவின் பதினெட்டு வருடச் சர்க்கரை நோயைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "பாதத்தில் ஒன்றும் இல்லை அம்மா. பாதத்திலிருந்து செய்தி கொண்டுபோகிற நரம்பு கெட்டிருக்கிறது. வலியை அதுவே உண்டாக்குகிறது."

அந்த மூன்று வாக்கியங்களையும் சரியாகப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவர் சொல்வது புரியாமல் வீடு திரும்பும் குடும்பங்களில் ஒருவன்.

## முதலில் அந்தச் சொல்

தமிழில் குழப்பம் 'நரம்பு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது ரத்தம் ஓடும் சிரை. குளுக்கோஸ் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்று செவிலியர் சொல்வதும் சிரையைத்தான். கெண்டைக்காலில் "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பதும் அதுவே. காலையில் எழுந்ததும் கழுத்தில் "நரம்பு பிடித்துக்கொண்டது" என்றால் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது தசை. போதாக்குறைக்கு, யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். சுவரொட்டிகளில் பார்க்கும் 'நரம்புத் தளர்ச்சி'யோ, களைப்பு முதல் கை நடுக்கம் வரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிய பெயர். அதை ஒரு தனி நோயாக இன்றைய மருத்துவ நூல்கள் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் ஒன்றே ஒன்று: மூளையையும் முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தையும் உடலின் மற்ற இடங்களோடு இணைக்கும் செய்திக் கம்பி. ஒவ்வொரு நரம்பும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. சில இழைகளுக்கு மின்கம்பியைப் போல மேலுறை உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

## வாசல் மணி

வீட்டு அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பொத்தான், கூடத்தில் மணி, இரண்டுக்கும் நடுவே கம்பி. யாராவது பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கிறது, போய்க் கதவைத் திறக்கிறோம். காலில் முள் குத்துவதும் இப்படித்தான். பாதத்துத் தோலில் பொத்தான், நரம்பு கம்பி, மூளை மணி. இந்த வலி நமக்கு வேண்டிய வலி. முள்ளை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

இப்போது ஐப்பசி அடைமழை. சுவரில் ஈரம் இறங்கி, கம்பியின் உறை இற்றுப்போன இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. படுத்தால் மறுபடியும் அடிக்கிறது. சென்னையில் பழைய வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல.

வாசலில் ஆள் இல்லை என்பது உண்மை. மணி அடித்ததும் உண்மை. வீட்டில் எல்லோருடைய தூக்கமும் கெட்டது அதைவிட உண்மை. நரம்பு வலிக்காரரிடம் "பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே, மனப்பிரமையாக இருக்கும்" என்கிறவர்கள் ஆளில்லாத வாசலை மட்டும் பார்க்கிறார்கள். பாதத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் வாசற்கதவுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். பழுது கம்பியில்.

இதற்குப் பெயர் நரம்புசார் வலி. உணர்வுகளைக் கொண்டுசெல்லும் நரம்பு மண்டலத்திலேயே நேர்ந்த சேதத்தாலோ நோயாலோ எழும் வலி என்பது அதன் இலக்கணம். மூன்று மாதங்களைத் தாண்டி நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ நாள்பட்ட வலி என்கிறார்கள்.

## மரத்த கால் எப்படி எரியும்?

பெரியம்மாவின் புகாரிலேயே ஒரு முரண் இருந்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்திருந்தது. அதே பாதம் எரியவும் செய்தது. "உணர்ச்சியே இல்லை என்கிறீர்கள், வலிக்கிறது என்றும் சொல்கிறீர்கள்" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

வலியைக் கொண்டுபோகும் இழைகள் இரண்டு வகை. கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டால், சுரீரென்று ஒரு குத்தல் முதலில் வருகிறது. பின்னாலேயே நின்று எரியும் ஒரு வலி வருகிறது. முதலாவது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும் மெல்லுறை இழைகளின் வேலை. இரண்டாவது, உறையே இல்லாத மிக மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் வருகிறது. மெரினாவில் காலை நடை போகிறவர் அதைவிடச் சற்று வேகமாகவே போவார்.

நரம்பிழையின் சுவரில் சோடியம் என்ற உப்புத் துகளை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை திறக்கும்போதுதான் செய்தி புறப்படும். காயம்பட்ட இழையில் இந்த வாயில்கள் தாறுமாறான இடங்களில் குவிந்து, யாரும் தட்டாமலே திறந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வரும் தொடுதலைக் கொண்டுபோகும் திறன் இழைக்குப் போய்விட்டது, அதனால் மரத்துப்போகிறது. மிச்சமிருக்கும் இழைகள் தாமாகவே கத்துகின்றன, அதனால் எரிகிறது. வெளியூர் அழைப்பு எதுவும் கிடைக்காத, ஆனால் கரகரவென்று இரைச்சல் மட்டும் கேட்கும் பழைய தொலைபேசி இணைப்பு மாதிரி.

சர்க்கரை நோயில் இது ஏன் கால்விரலில் தொடங்குகிறது? இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகும் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதை உயிரோடு வைத்திருக்கும் செல்லின் உடல் முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. சத்து அங்கிருந்து நுனிவரை வந்து சேர வேண்டும். குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால் தெருக்கோடி வீட்டுக்குத்தானே முதலில் தண்ணீர் நிற்கும்? அதனால்தான் எரிச்சல் விரல்நுனியில் தொடங்கி, காலுறை போட்டது போல மேலே ஏறுகிறது. கைவிரல்கள் பிறகு.

இதுவரை சொன்னது: நரம்பு வலியில் வலி உண்மை, ஆனால் வலிக்கும் இடத்தில் காயம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மரத்துப்போவதும் எரிவதும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள்.

## வலிக்கும் இடம் ஒன்று, பழுதான இடம் வேறொன்று

கம்பியில் எங்கே பழுது இருந்தாலும் மணி ஒரே மாதிரிதான் அடிக்கும். பொத்தான் இருக்கும் இடத்தில்தான் ஆள் நிற்கிறார் என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

இடுப்பில் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் தட்டு விலகி நரம்பின் வேரை அழுத்தினால் கெண்டைக்காலில் மின்சாரம் பாய்ந்தது போல இழுக்கும். காலை எத்தனை முறை எக்ஸ்ரே எடுத்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. முகத்தின் உணர்வு நரம்பு அதன் வேரில் பாதிக்கப்பட்டால் தாடையில் நொடிநேர மின்னல் வெட்டு போல வலி வரும். பல் துலக்கினாலோ முகத்தில் காற்றுப் பட்டாலோ போதும். பல் வலி என்று நினைத்து, நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர். பல் போகும், வலி போகாது.

இதன் உச்சம் இல்லாத உறுப்பில் வரும் வலி. விபத்தில் காலை இழந்தவர், அந்தக் கால்விரல் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்பார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, போன கை இருப்பது போலவும் அசைவது போலவும் மூளைக்குத் தோற்றம் காட்டும் ஏற்பாடு. எல்லோருக்கும் பலன் தரவில்லை, ஆனால் சிலருக்கு இறுகிய கை தளர்ந்தது. வலி கடைசியில் உருவாகும் இடம் மூளை என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டிவிட முடியாது.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று அக்கி. சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் உறங்கி, முதுமையிலோ எதிர்ப்பாற்றல் குறையும்போதோ ஒரு நரம்பின் வழியாக வெளியே வருகிறது. அதனால்தான் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். கொப்புளம் ஆறியபிறகும் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நிற்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவது நல்லது. செம்மண் குழைத்து அக்கி எழுதுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதைச் செய்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் அந்த மூன்று நாட்களை அதற்காகக் கழித்துவிடாதீர்கள். கண்ணைச் சுற்றி வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வைட்டமின் பி12 குறைபாடு, மது, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய், பக்கவாதம் என்று காரணங்கள் இன்னும் உண்டு. இருந்தாலும் எண்ணிக்கையில் முதலிடத்தை நம் ஊரில் சர்க்கரை நோய்க்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர்.

## ஆடி மாதத்து ஒலிபெருக்கி

கம்பியில் பழுது என்பதோடு கதை முடிந்திருந்தால் சிகிச்சை எளிதாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் மணி அடித்தால் வீட்டுக்குள்ளும் ஏதோ மாறிவிடுகிறது.

ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஒலி அளவை ஒருவர் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக் முன்னால் யாரோ தொண்டையைச் செருமினால் தெரு அதிர்கிறது. புடவை உரசும் சத்தம்கூட இடியாகக் கேட்கிறது. பாடகரின் மேல் தவறில்லை, திருகைத் திருப்பியவர் மேல்தான்.

தண்டுவடத்தில் அப்படி ஒரு திருகு இருக்கிறது. கம்பியிலிருந்து இடைவிடாமல் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், அங்கிருக்கும் செல்கள் தங்கள் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றன. இதை மைய உணர்மிகை என்று சொல்லலாம். அதன் பிறகு, வலியே ஆகாத தொடுதலும் வலிக்கத் தொடங்குகிறது. அக்கி வந்து ஆறிய பெரியவர் பனியன் போட முடியாமல், மின்விசிறிக் காற்றைக்கூடத் தாங்காமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். மருத்துவர்கள் இதை 'அலோடினியா' என்பார்கள். தொடுவலி என்றால் நமக்குப் போதும்.

திருகைக் குறைக்கவும் வழி இருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் நரம்புப் பாதைகள் வலிச் செய்தியை அடக்குகின்றன. நல்ல தூக்கமும் மன அமைதியும் இந்தப் பாதைகளுக்குத் துணை. தூக்கமின்மையும் கவலையும் பயமும் அவற்றைத் தளர்த்துகின்றன. வலியால் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் வலி கூடி, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். மனம் வலியை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. திருகின் மேல் மனத்துக்கும் ஒரு கை இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி நம் எல்லோருக்கும் தெரியும். குழந்தை முட்டியை இடித்துக்கொண்டால் அம்மா தேய்த்துவிடுகிறார், வலி குறைகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, தொடுதலைக் கொண்டுவரும் பருத்த இழைகளின் செய்தி முந்திக்கொண்டால் வலிச் செய்திக்கு வழி குறுகிவிடுகிறது என்றார்கள். நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை எண்ணம் நிலைத்தது. பெரியம்மா குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்தியதும் தெரியாமல் செய்த இதே வைத்தியம்தான்.

இதுவரை சொன்னது: பழுது கம்பியில் தொடங்குகிறது. நாள்பட்டால் தண்டுவடமும் மூளையும் ஒலியைக் கூட்டிவிடுகின்றன. ஆகவே சிகிச்சையும் இரண்டு இடத்தில் நடக்க வேண்டும்.

## "எனக்கு ஏன் மனநோய் மாத்திரை?"

வழக்கமான வலி மாத்திரைகள் காயம்பட்ட இடத்தில் வீக்கத்தைக் கிளப்பும் பொருள்களைக் குறைக்கின்றன. அதாவது பொத்தானில் வேலை செய்கின்றன. கம்பியே கத்தும்போது அவற்றுக்கு அங்கே அதிக வேலையில்லை. சர்க்கரை நோயாளிகள் அவற்றை நாள்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

மருத்துவர் அதனால் வேறு மாத்திரை எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கைபேசியில் தேடுகிறார்கள். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸடின் என்று போட்டால் மனச்சோர்வு மருந்து என்று வருகிறது. காபாபென்டின் என்று போட்டால் வலிப்பு மருந்து என்று வருகிறது. "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா?" என்று பெரியம்மா இரண்டு நாள் அழுதார். மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மனச்சோர்வு மருந்துகள் என்று பெயர் பெற்றவை, மூளையிலிருந்து இறங்கி வரும் அந்த அடக்கும் பாதைகளுக்கு வலு சேர்க்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்குத் தொடங்கும்போது 10 அல்லது 25 மில்லிகிராம்தான் கொடுப்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு. காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் கிளர்ந்த நரம்பு முனைகள் செய்தியைக் கொட்டுவதைக் குறைக்கின்றன. வலிப்பு என்பது மூளையில் நரம்புகள் மிகையாகப் பொறி தட்டுவது, நரம்பு வலி என்பது கம்பியில் அதே கூத்து. வலிப்பும் வலியும் தமிழில் பக்கத்துப் பக்கத்துச் சொற்களாக அமைந்தது இந்த இடத்தில் பொருத்தம்.

இவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம்? முழு நிவாரணம் சிலருக்கே கிடைக்கிறது. வலி மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைந்தால் மருத்துவர்கள் அதை நல்ல பலனாகவே கருதுகிறார்கள். ஒரு மருந்து ஒத்துவராமல் இன்னொன்றுக்கு மாறுவது சாதாரணம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், கால் வீக்கம் வரலாம், அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். பலன் இல்லை என்று ஒரே நாளில் நிறுத்துவதும், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது.

'நரம்பு மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது பி வைட்டமின் கலவை. பி12 குறைந்தவருக்கு அது மருந்து. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நியாயம். குறைபாடே இல்லாதவர் ஆண்டுக்கணக்கில் விழுங்கினால்? கலவையில் இருக்கும் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

இன்னொரு மருந்து நம் சமையலறையிலிருந்து வந்தது. மிளகாய் நறுக்கிய கை ஏன் எரிகிறது? கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்பு முனையின் பூட்டை, நெருப்பு பட்டது போலவே திறந்துவிடுகிறது. இந்தப் பூட்டைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொடர்ந்து கேப்சைசின் பட்டால் அந்த முனைகள் களைத்து அடங்கிவிடும், அதனால் களிம்பாகவும் ஒட்டுப்பட்டையாகவும் தருகிறார்கள். மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசலாமே என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாம்.

## பாதத்தைப் பார்த்துக்கொள்வது

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மேலும் சேதம் ஆவதை மெதுவாக்கும். ஆன சேதத்தை அது அழித்துவிடாது. பல வருடம் மிக அதிகமாக இருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் தடாலடியாக இறக்கினால் சிலருக்கு வலி கொஞ்ச காலம் கூடுவதும் உண்டு.

வலியைவிட எனக்கு அதிக பயம் மரத்துப்போவதில்தான். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி, பாதம் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்கள் உண்டு. சுட்டது அவர்களுக்குத் தெரியவில்லை. காலை அல்லது மாலையில் போகலாம், பருத்திக் காலுறை அணிந்துகொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ வீட்டில் ஒருவரை விட்டோ தினமும் பார்க்க வேண்டும்.

நடை நல்லது. வலி குறைந்த நாளில் சேர்த்துவைத்த வேலை எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரே அளவு, வலிக்கும் முன்பே ஓய்வு என்று பிரித்துக்கொண்டால் திருகு அவ்வளவாக ஏறுவதில்லை. பெரியம்மா இப்போது நடேசன் பூங்காவில் இரண்டு சுற்று, பிறகு பெஞ்சு, மீண்டும் ஒரு சுற்று.

## காத்திருக்கக் கூடாத நேரம்

முதுகுவலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் திடீரென்று பலவீனமாவது, மரமரப்பும் பலவீனமும் சில நாட்களில் காலிலிருந்து வேகமாக மேலேறுவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, பாதத்தில் ஆறாத புண் அல்லது கருமை. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை.

## மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

"உடம்பெல்லாம் வலி டாக்டர்" என்று சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. எரிச்சலா, ஊசி குத்தலா, ஷாக் அடிப்பதா, எறும்பு ஊர்வதா, மதமதப்பா? எங்கே தொடங்கி எங்கே போகிறது? போர்வை பட்டால் வலிக்கிறதா? பத்துக்கு எத்தனை? தமிழில் இந்த உணர்வுகளுக்கு அருமையான சொற்கள் இருக்கின்றன, அவையே பாதி நோயறிதல். நரம்பின் வேகத்தை அளக்கும் மின்சோதனை பருத்த இழைகளை மட்டுமே பார்க்கிறது. மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் அறிக்கை 'இயல்பு' என்றே வரும். அப்போது நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு இன்னும் மதிப்பு.

பெரியம்மா தினசரி நாட்காட்டியின் தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் எண் எழுதுகிறார். போன மாதம் மருத்துவரிடம் அந்தக் கட்டை நீட்டினார். எட்டு, எட்டு, ஏழு என்று தொடங்கி, நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த வாரம் ஒன்பது, கடைசித் தாள்களில் நான்கும் ஐந்தும். ஒரு தாளில் எண்ணுக்குப் பதிலாக 'தூங்கினேன்' என்று மட்டும் எழுதியிருந்தது. மருத்துவர் அந்தத் தாளைத் தன் மேசையில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மாத்திரை அளவை மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்தார்.